விதி எழுதப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த பெருந்தொற்று வந்தால் எந்தக் கட்டுப்பாட்டை எப்போது விதிக்கலாம் என்று வரைவு எழுதும் குழுவில் உன்னையும் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தாய். பெருமையாக இருந்தது, கூடவே கவலையும் வந்தது. நீ எழுதும் ஒவ்வொரு வரியும் முகம் தெரியாத ஒருவருடைய வீட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தக்கூடியது.

உயிரைவிடச் சுதந்திரம் பெரிதா என்று கேட்டிருந்தாய். கேள்வியை அப்படி வைத்தால் ஒரே பதில்தான் கிடைக்கும். அதனாலேயே அந்தக் கேள்வி எனக்குப் போதவில்லை. கோவிட் தொற்றியவர்கள் அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அதைப் பிறருக்குப் பரப்பினார்கள். சிலருக்கு அறிகுறி தோன்றவே இல்லை. ஆகவே, என் உடம்பு என் விருப்பம் என்று ஒருவர் விலகிக்கொள்ள முடியாது. அந்த விருப்பத்தின் விலையை அருகில் நிற்கும் முதியவர் கொடுக்க நேரும். இதுவரை அரசின் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பதையும் நீதான் விதியில் எழுத வேண்டும்.

மேரி மாலனின் வரலாற்றை நிதானமாகப் படித்துப் பார். நியூயார்க்கில் பல வீடுகளில் சமைத்த அவருக்கு நோய் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் உடலிலிருந்த டைபாய்டு கிருமி, அவர் சமைத்ததை உண்டவர்களைத் தாக்கியது. 1907இல் அவரைப் பிடித்து ஒரு தீவில் தனியே வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910இல் விட்டார்கள். அவருக்குத் தெரிந்த தொழில் சமையல் ஒன்றே. துணி துவைக்கும் வேலையில் கூலி குறைவு. 1915இல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருந்தவரை மீண்டும் பிடித்து அதே தீவுக்கு அனுப்பினார்கள். 1938இல் இறக்கும்வரை அவரை விடுவிக்கவில்லை. அவர் செய்தது தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே கிருமியைச் சுமந்த வேறு பலர் அப்போது வெளியே நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவருடைய பிழைப்பைப் பறித்துவிட்டு வேறு பிழைப்புக்கு வழி செய்யாத ஆணை மீறப்படும் என்பதையும், மீறியவர்களில் ஆதரவற்றவரையே தண்டனை முதலில் தேடிப் பிடிக்கும் என்பதையும் இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

1984இல் இத்தாலியின் சிராகூசாவில் கூடிய சட்ட அறிஞர்கள், உரிமைகளைக் கட்டுப்படுத்துவதற்கான அளவுகோல்களை வகுத்தார்கள். கட்டுப்பாடு சட்டப்படி அமைய வேண்டும், உண்மையிலேயே தேவையாக இருக்க வேண்டும், கைவசமுள்ள வழிகளில் மிகக் குறைவாக நெருக்குவதாக இருக்க வேண்டும், ஆளுக்கொரு நீதி காட்டக் கூடாது. இவற்றை உன் குழுவினரும் அறிந்திருப்பார்கள். நெருக்கடி நேரத்தில் முதலில் மறக்கப்படுவது அந்த மூன்றாவதுதான். முகக்கவசம் அணியச் சொல்வதும் ஒருவரை மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைப்பதும் ஒரே எடையுள்ள ஆணைகள் அல்ல. 2020இல் உலகெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரு கட்டத்தில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்கள். தொடக்கத்தில், எதுவும் தெளிவாகத் தெரியாத நிலையில், அதை நான் குறை சொல்லமாட்டேன். தெரியவந்த பிறகும் பல இடங்களில் கடைகள் திறந்து பள்ளிகள் மூடியே கிடந்ததற்குத்தான் எனக்கு இன்றுவரை சமாதானம் கிடைக்கவில்லை. மூடச் சொன்ன ஆணையில் காரணம் இருந்தது, எந்த நிலை வந்தால் திறப்போம் என்ற வாக்கியம் இல்லை.

அந்த வாக்கியத்தை நீ எழுது. ஒவ்வொரு ஆணையும் இத்தனை நாளில் தானாகக் காலாவதியாகும், நீட்டிக்க வேண்டுமானால் காரணத்தை மக்கள்முன் மறுபடி சொல்லியாக வேண்டும் என்று எழுது. தனிமைப்படுத்தப்படுபவரின் கூலியை யார் தருவார்கள், அவர் முறையிட யாரிடம் போக வேண்டும் என்பவற்றையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடு. பின்னிணைப்புக்குத் தள்ளினால் யாரும் படிக்கமாட்டார்கள். வரைவு முடிந்ததும் எனக்கும் ஒரு படி அனுப்பு, படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா