உறையை மட்டும் அளந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தேக்காவில் வாங்கிய இட்லி மாவுப் பொட்டலத்தில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதன் உறையை மறுபயனீடு செய்யலாம் என்பதைத் தவிர அந்தப் பெருமைக்கு வேறு காரணம் எதுவும் தென்படவில்லை.

உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூரில், உணவுப் பதனீட்டின் நீடித்த நிலைத்தன்மையை உறையையும் ஆலையையும் மட்டும் வைத்து மதிப்பிடுவது அரைக்கணக்குதான். அந்த மாவின் கதை, தண்ணீர் தேங்கிய நெல்வயலில், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியாகும் இடத்தில் தொடங்கி, உளுந்தின் கப்பல் பயணம், அரிசி களைந்த நீர், அரவைக்கான மின்சாரம், புளிப்பேறாமல் காக்கும் குளிரூட்டி என நீண்டு, காலாவதியாகிக் குப்பைக்குப் போகும் பொட்டலத்தில் முடிகிறது. இந்தக் கடைசிக் கண்ணிதான் எளிதில் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் இதற்கு விலக்கன்று.

2019இல் நிறைவேறிய வள நீடித்த நிலைத்தன்மைச் சட்டம், பொட்டலப் பொருள்களின் அளவைத் தெரிவிக்கும்படி பெரிய நிறுவனங்களைப் பணிக்கிறது. அதேபோல், விற்காமல் வீசப்படும் உணவின் எடையையும் மூலப்பொருள் விளைந்த நாட்டையும் தெரிவிக்கச் செய்யலாம். சிறிய ஆலைகளுக்கு இது சுமை என்பார்கள். ஆனால், எடை போடும் தராசு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்