அழணுமா அக்கா? – சேர்ந்து கொடுக்கும் தோழிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழிகளுக்கு,

வணக்கம். உங்கள் குழுவின் முதல் கூட்டம் அடுத்த மாதம் என்று அறிந்தேன். ஆளுக்கு ஒரு தொகை போட்டு, அதை ஒன்றாகத் திரட்டி, நம் பகுதிப் பெண்களுக்காகவும் சிறுமிகளுக்காகவும் வேலை செய்யும் ஓர் அமைப்புக்கு மொத்தமாகக் கொடுக்கப்போகிறீர்கள். மூன்று அமைப்புகள் மேடையேறி ஐந்தைந்து நிமிடம் பேச வேண்டும், பிறகு ஓட்டு. விண்ணப்பிக்கச் சொல்லி எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். இதனால் என் விண்ணப்பம் அடிபட்டுப் போனாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி இருக்கிறது. அதனால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

வாங்கும் பக்கத்தில் நிற்பவள் நான். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த பெண்களும் படிப்பு நின்றுபோன சிறுமிகளும் தங்கும் ஒரு சின்ன இல்லத்தைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் காசு சேர்த்துப் பெண்களுக்குக் கொடுப்பது இன்று நேற்று வந்ததில்லை. 1797-லேயே நியூயார்க்கில் இசபெல்லா கிரஹாமும் அவருடைய தோழிகளும் சந்தா வசூலித்து, சிறு குழந்தைகளோடு நிராதரவாக நின்ற விதவைகளுக்காக ஒரு சங்கம் நடத்தினார்கள். நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் வடிவம் கொஞ்சம் புதியது. 2001-ல் சின்சினாட்டியில் வெண்டி ஸ்டீல் தொடங்கிய ‘இம்பாக்ட் 100’ முறையில், நூறு பெண்கள் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு, ஒரு லட்சம் டாலரை ஒரே அமைப்பின் கையில் வைக்கிறார்கள். 2006-ல் மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் கேரன் டனிகன் கண்ட வழி இன்னும் எளியது. பச்சிளங்குழந்தைகளுக்குத் தொட்டில் வாங்கப் பணம் தேவை என்று அவருக்குத் தெரியவந்தது. வீடு வீடாக ஏறி இறங்குவானேன், நூறு பேரை ஓர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து ஆளுக்கு நூறு டாலர் கேட்டால் முடிந்ததே என்று நினைத்தார். முடிந்தது. பத்தாயிரம் டாலருக்கு மேல் அந்த ஒரு மணி நேரத்திலேயே சேர்ந்தது. அதே முறையில் இன்று பல நாடுகளில் குழுக்கள் இயங்குகின்றன. உங்களுடையதும் அந்த வழி வந்ததுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தனிப் புரவலர் என்று யாரும் இல்லாதது. ஒருவர் தயவில் ஓடும் இல்லம் அவர் முகம் சுளித்த மறுநாள் தள்ளாடும். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வருடங்களை ஓட்டியவள் நான். நூறு பேர் ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல இழுக்கும்போது, பத்துப் பேர் கை விட்டாலும் தேர் நின்றுவிடாது.

பணம் தேவைப்படும் அளவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறாள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. அமெரிக்காவில் திரளும் மொத்த நன்கொடையில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்றே இயங்கும் அமைப்புகளுக்குப் போவது ஏறத்தாழ இரண்டு சதவீதம்தான் என்று இண்டியானா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கொடை ஆய்வு நிறுவனம் தொடர்ந்து கணக்கெடுத்துச் சொல்லிவருகிறது. மிச்சத்தில் மருத்துவமனை, பள்ளி என்று பெண்களுக்கும் பங்கு போகத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுகிறவளுக்கு அந்த மிச்சத்திலிருந்து எதுவும் வருவதில்லை.

இனி, நிஜமாகச் சொல்ல வந்தது.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு உங்களைப் போன்ற ஒரு குழுவின் மேடையில் நின்றேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் வாடகை, மின்கட்டணம், இரவுக் காவல் என்று பட்டியல் வாசித்தேன். எனக்கு அடுத்துப் பேசியவர் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கையோடு அழைத்து வந்திருந்தார். அவள் நான்கு வாக்கியம்தான் பேசினாள். அரங்கம் கண்ணைத் துடைத்தது. நானும்தான். ஓட்டு எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

அடுத்த ஆண்டு அதே குழு அழைத்தபோது எனக்குப் புத்தி வந்திருந்தது. அல்லது போயிருந்தது. இல்லத்தில் இருந்த பதினான்கு வயதுப் பெண்ணிடம், “நீ வந்து ரெண்டு வார்த்தை பேசுறியாம்மா?” என்றேன். என்ன பேச வேண்டும் என்று கேட்டாள். உனக்கு நடந்ததைச் சொன்னால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தவள் கேட்டாள்:

“அழணுமா அக்கா?”

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. “வந்தா அழு, வரலேன்னா வேண்டாம்” என்றேன். என்ன பதில் அது! அவள் பேசினாள், நாங்கள் ஜெயித்தோம். அந்தப் பணத்தில் பதினோரு மாதம் இல்லம் ஓடியது. குழுவின் ஆண்டு மலரில் அவள் படம் அரைப்பக்கத்துக்கு வந்தது. அந்த மலர் எப்படியோ அவள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை, என்னோடு பேசவும் இல்லை. யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை. குழுவில் யாரும் அவளை அழைத்து வரச் சொல்லவில்லை, அழைத்துப் போனது நான். ஆனால் ஐந்து நிமிடம், மூன்று பேர், ஒரு பரிசு என்று வைத்தால் வாடகை பாக்கி உள்ள எவளும் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தேன். உங்கள் கடிதத்திலும் அதே ஐந்து நிமிடம் இருப்பதைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது.

ஆகவே முதல் வேண்டுகோள்: எந்தச் சிறுமியையும் எந்தப் பெண்ணையும் தன் கதையைச் சொல்ல மேடைக்கு அழைத்து வரக் கூடாது, படம் கேட்கக் கூடாது என்று விதியாகவே எழுதிவிடுங்கள். எழுதினால் அது எங்களுக்கும் பாதுகாப்பு. எல்லோருக்கும் தடை என்றால், அழைத்து வந்தவர் ஜெயிப்பார் என்ற பயம் எங்களுக்கு இருக்காது.

ஓட்டைப் பற்றியும் ஒன்று. முடிவை இப்போதே எழுதித் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்: சிறுமி ஜெயிப்பாள், பெண் தோற்பாள். ‘பெண்களுக்கும் சிறுமிகளுக்கும்’ என்று அறிவித்துத் தொடங்குகிற குழுக்களின் பணம் இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறுமிகள் பக்கமே சாய்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சிறுமி என்றால் பையும் புத்தகமும் வாங்கித் தரலாம், அவள் சிரிப்பாள், ஆண்டிறுதியில் மதிப்பெண் வரும். நாற்பத்தைந்து வயதுக்காரி அப்படியா? கோபக்காரி. சிலர் குடிப்பார்கள். அடித்தவனிடமே திரும்பிப் போவார்கள், ஒருமுறை அல்ல, நாலு முறை ஐந்து முறை. திரும்பிப் போனவளை மறுபடி ஏன் சேர்த்தீர்கள் என்று கொடையாளிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கையில் காசில்லாமல், பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள் திரும்பத்தான் செய்வாள். வெளியேறுவது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லத்துக்கு வந்த சிறுமிகளில் பாதிப் பேருடைய அம்மாவுக்கு ஒரு சம்பளமும் உள்ளிருந்து பூட்டிக்கொள்ள ஒரு கதவும் இருந்திருந்தால், அந்தக் குழந்தை என்னிடம் வந்தே இருக்காது. சிறுமிக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. சிறைக்குப் போய் வந்தவள், மனநலம் குன்றியவள், பாலியல் தொழிலில் இருப்பவள், யாருமற்ற கிழவி, இவர்களுக்காக வேலை செய்கிறவர்கள் உங்கள் ஓட்டில் ஒருநாளும் ஜெயிக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு பங்கையாவது ஓட்டுக்கு விடாமல் அவர்களுக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

பணத்தை எதற்குக் கொடுப்பது? இங்கே ஒரு கதை. வேறொரு குழு எங்களுக்குப் பத்து கம்ப்யூட்டர் கொடுத்தது. சொல்லித்தரும் ஆளுக்குச் சம்பளம் கேட்டோம். அது ‘அட்மின் செலவு’, எங்கள் பணம் நேரடியாகப் பயனாளிகளுக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். மூன்று ஆண்டுகள் அந்தப் பத்தும் துணி போர்த்திக்கொண்டு இருந்தன. படம் எடுக்க வரும் நாளில் துணியை எடுப்போம், போனதும் போர்த்துவோம். தையல் மெஷின் கதையை நான் சொல்லவே வேண்டாம். பெண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றிய ஒவ்வொருவருக்கும் முதலில் தையல் மெஷின்தான் நினைவுக்கு வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. தைக்கவே பிடிக்காத பெண்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டால் எழுந்து திறக்க ஓர் ஆள் வேண்டும். அவருடைய சம்பளம்தான் எங்கள் ‘புராஜெக்ட்’. அதற்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டில் பெயரும் வராது. அமெரிக்கப் பெருங்கொடையாளர் மக்கென்சி ஸ்காட் 2020 முதல் கோடிகோடியாகக் கொடுத்துவருகிறார். பெரும்பாலும் இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் கொடுக்கிறார். அவ்வளவு பெரிய தொகையையே அப்படி நம்பிக் கொடுக்க முடிகிறதென்றால், நீங்கள் எங்கள் வாடகையை நம்பலாம். அதையும் ஓர் ஆண்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, இந்த முறை வேறொருவருக்கு என்று நகர்ந்துவிடாதீர்கள். ஒரே ஆண்டுப் பணத்தில் நான் வேலைக்கு எடுக்கும் கவுன்சிலர் எட்டாம் மாதமே வேறு வேலை தேடத் தொடங்குகிறார், அவரைக் குறை சொல்ல முடியுமா? தொகை குறைந்தாலும் மூன்று ஆண்டு என்று சொல்லிக் கொடுங்கள். கணக்கு வேண்டும் என்றால் கேளுங்கள். ஆடிட்டர் சரிபார்த்த கணக்கு ஆண்டுதோறும் எங்களிடம் இருக்கிறது. உங்களுக்கென்று தனிப் படிவத்தில், தனித் தலைப்புகளில், படங்களோடு மறுபடி எழுதச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். விண்ணப்பம் இருபது பக்கம் இருந்தால் தோற்ற அமைப்புகளின் வேலைநாட்கள் எல்லாம் வீண். கூட்டிப் பார்த்தால் சில சமயம் நீங்கள் கொடுக்கும் பரிசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு பக்கம் போதும். மிச்சத்தை நேரில் வந்து பாருங்கள்.

கடைசியாக, யார் தேர்ந்தெடுப்பது என்பது. இதை எழுதத்தான் கொஞ்சம் தயக்கம், ஏனென்றால் இது உங்கள் பணம். ‘ஃப்ரீடா’ என்று இளம் பெண்ணியக் குழுக்களுக்கான ஒரு நிதியம் இருக்கிறது. அங்கே விண்ணப்பித்த குழுக்களே ஒருவர் விண்ணப்பத்தை ஒருவர் படித்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று ஓட்டுப் போடுகிறார்கள். உங்களுக்குள் பொறாமை இருக்காதா என்பீர்கள். இருக்கும், தாராளமாக இருக்கும். ஆனால் எந்த இல்லத்தில் இரவில் நிஜமாகவே ஆள் இருக்கிறார், எந்த இல்லத்தில் போர்டு மட்டும் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்த அளவுக்குப் போக மனம் வராவிட்டால், தேர்வுக் குழுவில் இரண்டு இடம் கொடுங்கள். என்னைப் போல நடத்துகிறவர்களுக்கு வேண்டாம், நாங்கள் எங்கும் பேசிவிடுவோம். இப்படிப்பட்ட இல்லத்தில் தங்கி வெளியே வந்த பெண்களுக்குக் கொடுங்கள். வந்து போகும் செலவையும் அன்றைக்கு விட்ட கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் அவர்கள் வர முடியாது என்பதையும் கவனியுங்கள். வந்ததும் அவர்களைக் கதை சொல்லச் சொல்லாதீர்கள். மற்றவர்களைப் போல அவர்களும் விண்ணப்பத்தைப் படித்து, கேள்வி கேட்டு, கை தூக்கட்டும்.

அன்று மேடையில் பேசிய பெண்ணுக்கு இப்போது இருபது வயது. வேலைக்குப் போகிறாள், தனியாக வீடு எடுத்திருக்கிறாள். தேர்வுக் குழுவுக்குக் கூப்பிட்டால் வருவாயா என்று கேட்டேன். “படம் எடுக்க மாட்டாங்கன்னா வரேன். நல்லா கேள்வி கேப்பேன்” என்றாள். இந்த மடலை அவளிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றிய பத்தியில் இரண்டு வரியை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

விண்ணப்பத்தைத் தனியே அனுப்புகிறேன். ‘பயனாளியின் கதை’ என்ற கட்டத்தை நிரப்பவில்லை.

அன்புடன்,
உங்கள் பகுதியில் ஓர் இல்லத்தை நடத்துபவள்