தீசிஸ் எழுதற மகளுக்கு அம்மா சொல்லிக்கறது

கண்ணு,

நல்லா இருக்கியா சாமி. போன்ல பேசுனா நீ ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு சொல்ல ஊடால உங்கப்பா வந்துருவாரு, அதான் எழுதியே அனுப்பறேன், பொறுமையா படி. பாலியல் தொழில் பொண்ணுங்களுக்கு அதிகாரம் குடுக்குதுன்னு தீசிஸ்ல எழுதப்போறேன்னு சொன்ன, உன் ரூம்மேட் இல்லவே இல்ல அது முழுக்க வன்முறைதான்னு சண்டை போடறாள்னும் சொன்ன. எச்ஐவி டெஸ்ட் பண்ற நம்பிக்கை மையத்துல கவுன்சிலரா இருந்தப்ப என் டேபிளுக்கு எதிர்ல வந்து உக்காந்தவங்கள நெனச்சுப் பாத்தா, நீங்க ரெண்டு பேர் சொல்றதுலயும் அவங்க முழுசா அடங்க மாட்டாங்க.

ஒருத்தங்க ஸ்பின்னிங் மில்லுல வேலை பாத்தவங்க. அங்க சூப்பர்வைசர் சும்மாவே கை வெப்பான், கேட்டா வேலை போயிரும், இங்க காசக் குடுத்துட்டுத்தான் கிட்ட வர்றான், ரேட் நான் சொல்றேன், புடிக்கலைன்னா போடான்னுருவேன்னு என் மூஞ்சியப் பாத்தே சொன்னாங்க. அந்தக் காசுலதான் மகள நர்சிங் படிக்க வெச்சாங்க, அவங்களப் பாவம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதே சேர்லதான் ஒரு சின்னப்புள்ளையும் வந்து உக்காந்துச்சு, சொந்த அத்தையே இந்தத் தொழில்ல கொண்டுவந்து விட்டது, கேட்டா பத்தொம்பதுன்னு ஒப்பிக்குது, பாத்தா பத்தாவது படிக்கற புள்ள மாதிரி இருக்குது. அதுகிட்ட போயி அதிகாரம் கிதிகாரம்னு பேச முடியுமா சொல்லு. 18 ஆகாத புள்ளய இதுல தள்றது குற்றம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கெடையாது, நீயும் அத மொதப் பக்கத்துலயே எழுதிரு.

வயசு வந்தவங்க விசயத்துலதான் நீ நல்லா யோசிக்கணும். நம்ம நாட்டுச் சட்டம் 1956ல வந்தது, அதுல, பொது எடத்துக்குப் பக்கத்துல இல்லைன்னா, ஒரு பொண்ணு தனியா, தன் இஷ்டத்துல செய்யறது குற்றம்னு இல்ல. ஆனா பயமில்லாம இருக்கலாம்னு ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தா அதுக்குப் பேரு விபச்சார விடுதி. 4வது பிரிவுல, அவ சம்பாத்தியத்துல பொழைக்கற 18 வயசு தாண்டுன யாருக்கும் ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலுங்கறாங்க, புரோக்கரப் புடிக்கன்னு எழுதுனது காலேஜ் போற சொந்த மகனுக்கும் பாயும். ரோட்டுல நின்னு ஆளக் கூப்பிட்டா 8வது பிரிவு, பொண்ணுக்கு மொதத் தடவ ஆறு மாசம் வரைக்கும், அதே குத்தத்த ஆம்பள செஞ்சா மூணு மாசம் வரைக்கும்தான். கோர்ட் நெனச்சா ரெண்டு வருசத்துல இருந்து அஞ்சு வருசம் வரைக்கும் அந்தப் பொண்ண திருத்த இல்லத்துல வெக்கலாம். பையில காண்டம் இருந்தா அதையே கேசுக்கு சாட்சியா எடுத்துக்குவாங்கன்னு பயந்து, நாங்க இலவசமா குடுத்ததக் கூட நெறைய பேரு டேபிள்லயே வெச்சுட்டுப் போயிருக்காங்க. தொழில் கெடுக்குதான்னு கேட்டா, கெடுக்குது, ஆனா நான் பாத்த கெடுதல்ல பெரும்பங்கு போலீஸ் கிட்ட இருந்தும் லாட்ஜுக்காரன் கிட்ட இருந்தும் வட்டிக்காரன் கிட்ட இருந்தும் குடிகாரப் புருசன் கிட்ட இருந்தும்தான் வந்துச்சு.

1986ல இந்தியாவுலயே மொதத் தடவ எச்ஐவி கண்டுபுடிச்சது சென்னையில, தொழில் செஞ்சாங்கன்னு புடிச்சு அரசு ஹோம்ல வெச்சிருந்த பொண்ணுங்க ரத்தத்துலதான். டாக்டர் நிர்மலா எடுத்தாங்க, சுனிதி சாலமன் மேடம் வழிகாட்டுனாங்க, வேலூர்ல டெஸ்ட் நடந்துச்சு. அப்பறம் ஊரே இவங்களாலதான் சீக்கு பரவுதுன்னுச்சு, இவங்களுக்குக் குடுத்தவன் யாருன்னு ஒருத்தரும் கேக்கல. நம்ம நாமக்கல்லுல லாரிக்குப் போறவங்க பொண்டாட்டிங்க எத்தன பேரு என்கிட்ட ரிசல்ட் வாங்க வந்தாங்க தெரியுமா, கழுத்துல தாலி கெடந்துச்சு, ஆனா காண்டம் போடுன்னு புருசன்கிட்ட சொல்ற தெம்பு இல்ல, தொழில்ல இருந்தவங்கள்ல சிலருக்கு அந்தத் தெம்பு இருந்துச்சு. இத நெனச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்குது.

அந்தத் தெம்பு எங்க இருந்து வந்துச்சுன்னு நீ கண்டுபுடிச்சு எழுதுனா போதும் சாமி, மீதியெல்லாம் தானா வரும். எனக்குத் தெரிஞ்சு அது தொழில்ல இருந்து வரல, ஒண்ணா சேர்ந்ததுல இருந்து வந்துச்சு. கொல்கத்தாவுல இந்தத் தொழில் நடக்கற சோனாகாச்சியப் பாரு, 1992ல டாக்டர் ஸ்மரஜித் ஜனா போயி வேலைய ஆரம்பிச்சப்ப காண்டம் போட வெக்கறவங்க நூத்துக்கு மூணு பேர் கூட இல்ல, அந்தப் பொண்ணுங்களையே பயிற்சி குடுத்து வீடு வீடா அனுப்புனாங்க, ஆறு வருசத்துல நூத்துக்கு 90 பேர் கிட்ட வந்துருச்சு. ஏன்னா ஒருத்தி மட்டும் மாட்டேன்னா கஸ்டமர் அடுத்த ரூமுக்குப் போயிருவான், தெருவே மாட்டேன்னா அவன் எங்க போவான். 1995ல துர்பார்னு சங்கம் வெச்சாங்க, அதே வருசம் உஷான்னு கூட்டுறவு பேங்க். பதிவு பண்ணப் போனப்ப ஹவுஸ்வைஃப்னு போட்டுக்கங்கன்னாங்களாம், முடியாது எங்க தொழிலத்தான் எழுதுவோம்னு நின்னு ஜெயிச்சாங்க. கந்துவட்டிக்காரன் பிடி தளந்தா புரோக்கர் பிடியும் பாதி தளந்துரும், அத நான் இங்கயே பாத்திருக்கேன். புதுசா வர்ற பொண்ணு சின்னதா, யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களான்னு பாக்கறதுக்கும் அவங்களே ஒரு கமிட்டி வெச்சிருக்காங்க, ரெய்டுக்கு வர்றவங்கள விட அவங்களுக்குத்தான அந்தத் தெரு தெரியும்.

உன் ரூம்மேட் சொல்ற ஸ்வீடன் சட்டம், 1999ல வந்தது, வாங்கறவனுக்குத்தான் தண்டனை, விக்கறவளுக்கு இல்ல. கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு, ஆனா ஆளு பயந்து இருட்டான எடத்துக்குக் கூப்பிட்டா அவளும்தான அங்க போகணும். நியூசிலாந்து 2003ல குற்றமே இல்லன்னுருச்சு, ஆனா தற்காலிக விசாவுல வந்த பொண்ணு செஞ்சா நாட்ட விட்டு அனுப்பிருவாங்க, அப்ப அவள அடிச்சா எந்த ஸ்டேசனுக்குப் போவா. நீ இருக்கற ஜெர்மனியில 2002ல அத ஒரு வேலையாவே சட்டம் ஏத்துக்குச்சு, 2017ல பேரப் பதிவு பண்ணணும்னாங்க. ருமேனியா பல்கேரியாவுல இருந்து வந்த பொண்ணுங்கள்ல பேரு குடுக்காதவங்க ஏன் குடுக்கலன்னு நீ நேர்ல கேளு, புக்குல தேடாத.

இங்க 1999ல கொல்கத்தாவுல தொழில்ல இருந்த ஒரு பொண்ண அடிச்சே கொன்னாங்க, அந்தக் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் போட்ட குழுதான், தன் விருப்பத்துல இருக்கற வயசு வந்த பொண்ண ரெய்டுல கைது பண்ணாத, தொந்தரவு பண்ணாத, தாய்கிட்ட இருந்து புள்ளையப் பிரிக்காதன்னு சிபாரிசு பண்ணுச்சு, அதுல சிலத மத்திய அரசு ஒத்துக்கல, 2022 மே 19 உத்தரவுல ஆதார் குடுன்னு கோர்ட் சொல்லுச்சு. ஆதார் இருந்தா ரேஷனு, பேங்க் அக்கவுண்ட்டு, வேற வேலைக்குப் போகணும்னாலும் அதுதான் கேப்பாங்க. வெளிய வரணும்னு நெனைக்கறவங்க நெறைய பேரு இருக்காங்க கண்ணு, உன் தீசிஸ்ல அவங்களுக்கு எடம் வேணும், அதிகாரம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா அவங்க காணாமப் போயிருவாங்க.

இங்க தொழில்ல இருக்கறவங்க சங்கத்துல ரெண்டு பேரு உன்கிட்ட பேசறேன்னு சொல்லிருக்காங்க. கேள்விய மொதல்ல எனக்கு அனுப்பு, நான் படிச்சுக் காட்டி சரின்னு சொன்னாத்தான் போன் பண்ணணும். எதுக்கு இந்தத் தொழிலுக்கு வந்தீங்கன்னு ஆரம்பிக்காத, அத அவங்க நூறு பேர்கிட்ட சொல்லி அலுத்துட்டாங்க. வாடகை யாரு பேர்ல இருக்கு, வேண்டாம்னு சொன்னா என்ன நடக்கும், அடிச்சா யாருக்கு மொதல்ல போன் பண்ணுவீங்க, இப்படிக் கேளு. பேரு, ஊரு, குரல் எதுவும் பதிவு பண்ணக் கூடாது.

குளிருக்கு அந்தக் கம்பளி சட்டயப் போடு. அப்பா கேட்டாருன்னு சொல்லச் சொன்னாரு.

அம்மா