வெறும் கடகம் வரைந்த மகளுக்கு

அன்பு மகள்,

மட்டக்களப்புக் கல்லடியில் உங்கள் கண்காட்சிக்கு வந்து உன் ஓவியத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். திண்ணையில் ஒரு கடகம், பனையோலையில் இழைத்த பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை, கீழே 'வறுமை' என்று எழுதியிருந்தாய். பழைய ஓலையின் மினுக்கத்தைக்கூடப் பிடித்துவிட்டாய், அவ்வளவு அழகு. ஆனால் அந்தத் தலைப்பு எனக்குச் சரியாகப் படவில்லை, அதைச் சொல்லாமல் இருந்தால் மாமிக்கு மனம் ஆறாது.

அயல் வீட்டிலிருந்து பெட்டியில் பலகாரம் வந்தால், உன் அப்பம்மா அதை வெறுமனே திருப்பி அனுப்பி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில்கூட இரண்டு முருங்கைக்காய், அதுவும் இல்லையென்றால் ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்பா. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் மீன், மேற்கே படுவான்கரைப் பக்கம் நெல். இங்கே பெட்டி போய் வருவதில்தான் உறவே இருந்தது. ஐங்குறுநூற்றில் ஒரு மருதப் பாட்டு இருக்கிறது, பாண்மகள் வட்டியில் வரால் மீன் கொண்டு வருகிறாள், வீட்டுக்காரி மீனைக் கொட்டிக்கொண்டு அதே வட்டி நிறையப் பழைய வெண்ணெல் போட்டு அனுப்புகிறாள். வட்டி என்றால் பின்னிய பெட்டிதான், மகள். வாசித்தபோது எனக்கு அப்பம்மாவின் கைதான் தெரிந்தது.

இனி வரையும்போது கடகத்தைக் கவிழ்த்து அடியைப் பார். அடி சதுரம், வாய் வட்டம். அப்பம்மா சார்வோலையை ஒரே அகலத்தில் வார்ந்து, தண்ணீர் தெளித்து இளக்கி, காலை நீட்டி உட்கார்ந்து அடியைத் தொடங்குவா. நாலு மூலையும் மடிந்து மேலே ஏற ஏற அந்தச் சதுரம் எந்த இடத்தில் வட்டமானது என்று பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கே பிடிபடாது. உள்ளும் புறமும் இரட்டை ஓலை, கடைசியில் விளிம்பை நாரால் பொத்துவா. நிலத்தில் ஆடாமல் இருக்க அந்தச் சதுரம், அள்ளவும் கொட்டவும் இந்த வட்டம். அதை நீ வரைந்திருந்தால் தலைப்பே தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று. நீ பார்த்து வரைந்தாயே, அந்தக் கடகம் நம்முடையது இல்லை. பின்வளவு அக்கா பனங்கிழங்கு போட்டுத் தந்தது, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. லீவுக்கு வா. முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது, இரண்டு பேருமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம்.

அன்புடன்,
மாமி