மூக்கை மூடிக்கொண்டு வரும் டிராகன், கழற்றிவிட்டு வரும் சோயுஸ்

அன்புள்ள சுந்தரம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு மாதத்துக்கு வெல்டிங் பக்கம் போகாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்கப் போவதில்லை, தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். இங்கே மல்லிகாவுக்குப் பள்ளிக்கூட வேலை முடிந்து ஓய்வு கிடைத்துவிட்டது, அதனால் வீட்டில் எனக்கு வேலை கூடிவிட்டது. மற்றபடி நலம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 2025 ஜூனில் நம்ம சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போன வீடியோவைப் பார்த்துவிட்டு, ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் டிராகன் கலம் மூக்கைத் திறந்து டாக்கிங் செய்கிறது, அதாவது நிலையத்தோடு இணைகிறது, திரும்பும்போது மூக்கை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவருகிறது, ஆனால் ரஷ்யாக்காரன் மட்டும் அறுபது வருஷமாக அந்தப் பாகத்தையே கழற்றி எரியவிடுகிறானே, இப்படியா காசைக் கரியாக்குவது என்று எழுதியிருந்தாய். கேள்வி நியாயமானதுதான். ஆனால் காசை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

முதலில் ரஷ்யாவின் சோயுஸ் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது மூன்று துண்டாக இருக்கும் கலம். முன்னால் உருண்டையாக ஒரு அறை, நடுவில் ஆட்கள் உட்கார்ந்து பூமிக்குத் திரும்பும் கூண்டு, பின்னால் எஞ்சினும் சோலார் பலகையும். டாக்கிங் ஊசி அந்த முன் உருண்டையின் நுனியில் இருக்கிறது, நிலையத்தின் பக்கம் இருப்பது அந்த ஊசி போய்ச் செருகிக்கொள்ளும் கூம்பு. திரும்பும்போது முன்னும் பின்னும் கழன்றுபோய்க் காற்றில் எரிந்துவிடும், சுமார் 7 டன் கலத்தில் கிட்டத்தட்ட 3 டன் எடையுள்ள நடுக் கூண்டு மட்டும்தான் தரைக்கு வரும். பூமிக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு கிலோவுக்கும் வெப்பக் கவசம் வேண்டும், பாராசூட்டைப் பெரிதாக்க வேண்டும், இதற்கெல்லாம் சேர்த்து ராக்கெட்டும் கூடுதலாகத் தூக்க வேண்டும். தரையில் தேவைப்படாத எதையும் தரைக்குக் கொண்டுவராதே என்பதுதான் அந்த வடிவமைப்பின் முழுத் தத்துவம். கழிப்பறை, சாப்பாடு, டாக்கிங் எல்லாம் கவசம் தேவையில்லாத மலிவான உருண்டையில் போய்விட்டன. 1960களின் கையிருப்பை வைத்துப் பார்த்தால் இதைவிடச் சாமர்த்தியமாக யோசித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. சீனாவின் ஷென்சோவும் இதே மாதிரிதான், டாக்கிங் அமைப்பு முன் அறையோடு போய்விடும்.

இதில் ஒரு இடக்கு இருக்கிறது. டாக்கிங்கில் இரண்டு பாதி உண்டு இல்லையா, ஒன்று சும்மா வாங்கிக்கொள்ளும் பாதி, இன்னொன்று மோட்டார், ஸ்பிரிங், அதிர்வு தாங்கி, கொக்கி, சென்சார் என்று எல்லா வேலையையும் செய்யும் பாதி. சிக்கலான அந்த வேலைக்காரப் பாதியை வந்து போகும் கலத்தில்தான் வைக்கிறார்கள். ஆக ஒவ்வொரு முறையும் எரிந்துபோவது அந்தப் பாதி. ஏதாவது கோளாறு வந்தால், கோளாறு வந்த பாகமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

உங்கள் பம்ப் கம்பெனியில் வாரண்டிக்குத் திரும்பி வந்த மோட்டாரை நீ மேஜையில் பிரித்துப் போட்டு பேரிங்கை மோந்து பார்த்தே சொல்வாயே, தண்ணீர் புகுந்ததா, ஓட்டத் தெரியாமல் ஓட்டினார்களா என்று. வாடிக்கையாளர் அந்த மோட்டாரைக் கடலில் எறிந்துவிட்டு, ஓடவில்லை என்று ஒரு கடிதம் மட்டும் அனுப்பினால் நீ என்ன செய்வாய்? இந்த ஆட்களுக்கு அதுதான் நிலைமை.

1971இல் நடந்ததைக் கேள், கதை மாதிரி இருக்கும். ஜனவரி 31இல் அப்பல்லோ 14 சந்திரனுக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், தாய்க்கலத்தை ஓட்டிய ஸ்டூவர்ட் ரூசா சந்திரக் கலத்தோடு இணைக்கப் பார்க்கிறார், ஊசி முனையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாள்கள் பிடிக்கவே மாட்டேன் என்கின்றன. ஐந்து முறை தோற்று, ஆறாவது முறை கலத்தை முன்னால் அழுத்திக்கொண்டே ஊசியை உள்ளே இழுத்ததும் வளையத்தில் இருந்த 12 பெரிய தாழ்ப்பாள்கள் நேரடியாகக் கவ்விக்கொண்டன. வழக்கமாக அந்த ஊசியைக் கடைசியில் சந்திரக் கலத்தோடு சேர்த்துக் கழித்துவிடுவார்கள். இந்த முறை மட்டும் கழிக்காதே, வீட்டுக்குக் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். பூமியில் பிரித்துப் பார்த்து, தாழ்ப்பாள் இயக்கத்துக்குள் தூசு தும்பு ஏதோ சிக்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அடுத்த பயணத்துக்கு முனைக்கு ஒரு பாதுகாப்பு மூடி போட்டார்கள், விஷயம் முடிந்தது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரலில் சோயுஸ் 10. விளாதிமிர் ஷதாலோவும் இன்னும் இரண்டு பேரும் உலகத்தின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட் 1க்குப் போய்ச் சேர்ந்தார்கள், ஊசி கூம்புக்குள் போனது, ஆனால் இறுக்கமாக இணையவில்லை. ஐந்தரை மணி நேரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பிரியலாம் என்றால் அதுவும் முதலில் சரியாக வரவில்லை. முன் உருண்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுகூட யோசனை போனது, ஆனால் நிலையத்துக்கு இருந்தது ஒரே வாசல், அதை அடைத்துவிட்டால் நிலையமே பாழ். ஒருவழியாகப் பிரிந்து பூமிக்கு வந்தார்கள், கோளாறு செய்த ஊசியோ உருண்டையோடு எரிந்து போயிருந்தது. பொறியாளர்கள் கையில் இருந்தது கலம் ரேடியோவில் அனுப்பிய டெலிமெட்ரி பதிவும் தரையில் செய்து பார்த்த சோதனைகளும்தான். அதை வைத்தே, முட்டிய பிறகும் கலத்தைத் தள்ளும் சிறு எஞ்சின்களான உந்திகள் விடாமல் இயங்கி அதிர்வு தாங்கியை உடைத்திருக்கின்றன என்று கண்டுபிடித்து, அதை வலுப்படுத்தி, ஜூனில் சோயுஸ் 11ஐ வெற்றிகரமாக இணைத்தார்கள். இது எனக்குப் பெரிய ஆச்சரியம், கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரே வருஷத்தில், ஒரே மாதிரி கோளாறில், ஒருவனுக்குப் பொருள் மேஜையில் இருந்தது, இன்னொருவனுக்கு வரைபடத் தாள்கள் மட்டும் இருந்தன.

நீ கேட்ட காசு விஷயத்துக்கும் ஒரு கதை உண்டு, அது இன்னும் சோகமானது. ரஷ்யக் கலங்கள் தானாகவே நிலையத்தைத் தேடிப்போய் இணைய கூர்ஸ் என்று ஒரு ரேடார் அமைப்பு உண்டு. அதன் மின்னணுப் பெட்டிகள் உக்ரைனில் செய்தவை. சோவியத் உடைந்ததும் அது வெளிநாட்டுச் சரக்காகிவிட்டது, விலை ஏறிவிட்டது. சரக்குக் கலமான புரோகிரஸ் எப்படியும் குப்பையை ஏற்றிக்கொண்டு எரியப் போகிறது, அதோடு கூர்ஸையும் எரிக்க மனசு வருமா? கலத்தை அனுப்பிவைக்கும் முன் நிலையத்து ஆட்கள் பெட்டிகளைக் கழற்றி எடுத்து வைப்பார்கள், அமெரிக்க ஷட்டில் வரும்போது அதில் ஏற்றிப் பூமிக்கு அனுப்புவார்கள், அவை இன்னொரு கலத்தில் மறுபடி பறக்கும். மறுபயன்பாடு என்று இன்றைக்கு மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு முன்னாலேயே, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அதைச் செய்தவர்கள் இவர்கள்.

ஆனால் அதுவும் போதவில்லை. கூர்ஸே இல்லாமல், ரஷ்யாவின் மிர் நிலையத்துக்குள் உட்கார்ந்து டிவி திரையைப் பார்த்துக்கொண்டு கைப்பிடியால் புரோகிரஸை ஓட்டிக் கொண்டுவர முடியுமா என்று சோதனை செய்யப் போனார்கள். 1997 ஜூன் 25. கூர்ஸ் ரேடார் அணைக்கப்பட்டிருந்தது, எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கைப்பிடியைப் பிடித்திருந்த வசிலி சிப்லியெவுக்குச் சரியாகத் தெரியாது. 7 டன் கலம் வந்து நிலையத்தின் ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோதி, சோலார் பலகையைக் கிழித்து, சுவரில் ஓட்டை போட்டது. காற்று வெளியேறிக்கொண்டிருக்க, கதவு வழியாகப் போன கேபிள்களைப் பிடுங்கியும் வெட்டியும் உடன் இருந்த லாஸுட்கினும் ஃபோலும் அந்தப் பகுதியை அடைத்து உயிர் பிழைத்தார்கள். கூர்ஸ் செலவைக் குறைக்க வேண்டும் என்ற அழுத்தம் இல்லாதிருந்தால் அன்றைக்கு அந்தச் சோதனை நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். எரித்தால் காசு போகும், எரிக்காமலிருக்க வழி தேடினால் அது வேறு எங்கேயோ இடிக்கும்.

திரும்ப என் விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்எஸ்-09இல் 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று கண்டுபிடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? விண்கல் பட்டதா, தொழிற்சாலையில் யாராவது தவறுதலாகத் துளை போட்டார்களா, இல்லை வேண்டுமென்றே போட்டார்களா என்று ஊரெல்லாம் பேச்சு. ஓட்டை இருந்தது அந்த முன் உருண்டையில், அதாவது எரிந்துபோகும் பகுதியில். தரைக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. அதனால் டிசம்பரில் நிலையத்தில் இருந்த ரஷ்ய வீரர்கள் கொனோனென்கோவும் புரொகோபியெவும் வெளியே போய், 7 மணி 45 நிமிடம் தொங்கி, வெப்பப் போர்வையைக் கத்தியாலும் கத்தரியாலும் கிழித்து ஓட்டையின் வெளிப்பக்கத்தைப் பார்த்து மாதிரி எடுத்து வந்தார்கள். புரொகோபியெவ் சில நாளில் அதே கலத்தில்தான் திரும்ப வேண்டியவர், அதையும் நினைத்துக்கொள்.

அமெரிக்கர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2024 ஜூனில் போயிங்கின் ஸ்டார்லைனர் நிலையத்தை நெருங்கும்போது 28 சிறு உந்திகளில் 5 நின்றுவிட்டன. உந்திகள் இருப்பது பின்பகுதியில், அது பூமிக்கு வராது. அதனால் கலத்தை நிலையத்தோடு கட்டிவைத்தே வாரக்கணக்கில் இயக்கிப் பார்த்து, தரையில் இன்னொரு உந்தியை வைத்தும் சோதித்துப் பார்த்து, கடைசியில் நம்பிக்கை வராமல் செப்டம்பரில் காலிக் கலமாகத் திருப்பி அனுப்பினார்கள். அதில் போயிருந்த வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் 2025 மார்ச்சில் டிராகனில் வந்து சேர்ந்தார்கள். டிவிக்காரர்கள் சிக்கிக்கொண்டார்கள், சிக்கிக்கொண்டார்கள் என்று மூச்சுவிடாமல் கத்தினார்களே தவிர, கெட்டுப்போன பாகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லாததுதான் பாதிப் பிரச்சினை என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்?

வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்டார்லைனரில் டாக்கிங் பாகத்தைக் காப்பாற்ற ஏற்பாடு இருக்கிறது. 2019இல் முதல் சோதனைக்குப் போனபோது இல்லாத, கீல் வைத்த ஒரு மூடியை 2022இல் இரண்டாம் சோதனைக்குச் சேர்த்தார்கள், திரும்பும் வெப்பத்திலிருந்து டாக்கிங் வளையத்தைக் காக்க.

டிராகனில் மூடி இன்னும் இயல்பாகப் பொருந்திவிட்டது. சுற்றுப்பாதையிலிருந்து இறங்க வேகத்தைக் குறைக்கும் நான்கு உந்திகளும் அந்த மூக்குக்குக் கீழேதான் இருக்கின்றன, ஆகவே திறந்து மூடும் மூக்கு எப்படியும் தேவை, டாக்கிங் வளையம் அதன் நிழலில் இலவசமாகப் பிழைத்துக்கொண்டது என்றே சொல்லலாம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கொக்கிகளையும் ரப்பர் சீல் பிடிக்கும் முகத்தையும் தரையில் கண்ணால் பார்க்கலாம். இன்னொரு வசதி, கழற்றி மாற்றலாம். ரெசிலியன்ஸ் என்ற கலத்தில் 2021இல் டாக்கிங் வளையத்தை எடுத்துவிட்டு அங்கே கண்ணாடிக் குமிழ் வைத்துச் சுற்றுலா அனுப்பினார்கள், 2024இல் அதே இடத்தில் விண்நடைக்கான வாசல் சட்டத்தை மாட்டினார்கள். அதற்காக டிராகன் எதையும் வீணாக்காத கலம் என்று நினைத்துவிடாதே, சோலார் தகடுகள் ஒட்டிய அதன் பின்பக்க உருளை ஒவ்வொரு முறையும் போய்விடும். 2022இல் ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை ஒன்றில் அதன் துண்டு குத்தி நின்றது.

ஷட்டிலைச் சொல்லாமல் விட்டால் நீ சண்டைக்கு வருவாய். சரக்கு அறைக்குள் ரஷ்யாவில் செய்த டாக்கிங் அமைப்பைப் பொருத்தி, போகும்போதும் வரும்போதும் கதவை மூடிக்கொண்டு பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். அட்லாண்டிஸ் மட்டும் மிர் நிலையத்தோடு ஏழு முறை இணைந்தது. அது போன்ற பெரிய வயிறு உள்ள கலம் இருந்தால் இந்த விவாதமே தேவையில்லை, ஆனால் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு போன செலவு நமக்குத் தெரிந்ததுதான்.

ஆக, ஊசியைத் திருப்பிக் கொண்டுவந்து அடுத்த முறை மாட்டினால் எத்தனை லட்சம் மிச்சம் என்று கணக்குப் போட்டால், கவசமும் எடையும் சேர்ந்து கணக்கு இழுபறியாகத்தான் இருக்கும். கெட்டுப்போன நாளில் அந்தப் பாகம் கையில் இருப்பதற்கு விலை போட்டால்தான் டிராகன் ஜெயிக்கிறது. நான் அந்தக் கட்சி.

இனி நம் ஊர்க் கணக்கு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2024 டிசம்பர் 30இல் போன ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள் ஜோடி, 2025 ஜனவரி 16இல் இணைந்ததை நீயும் பார்த்திருப்பாய். சர்வதேச டாக்கிங் அமைப்பில் 24 மோட்டார் இருக்கிற இடத்தில் நம்முடையதில் இரண்டுதான் என்று இஸ்ரோ சொல்கிறது. இப்போது பறந்தது 450 மில்லிமீட்டர் வளையம், ஆட்கள் போகும் கலத்துக்கு 800 மில்லிமீட்டர் வரும். இரண்டே மோட்டார், எளிமையான அமைப்பு என்றால் எறிவதும் மலிவு, காப்பாற்றுவதும் சுலபம். எந்தப் பக்கம் போவார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

சீல் விஷயத்தில் நீதான் ஆள், அதனால் உன்னிடம் ஒரு கேள்வி. வெற்றிடத்தில் ஆறேழு மாதம் அழுந்திக் கிடந்த சிலிகான் ரப்பரை மறுபடி உபயோகிக்க உனக்கு மனசு வருமா, இல்லை உலோகத்தை வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் புதிதாகப் போடுவாயா? கண் ஆறியதும் எழுது, அவசரமில்லை.

அன்புடன்,
ராமநாதன்