கறுப்புப் பட்டியல் வேண்டாம்: கொடைக்கானல் ஹோம்ஸ்டே உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். வில்பட்டி சாலையில் என் கணவரின் தாத்தா கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று அறைகளை விருந்தினர்களுக்கு விட்டு வருகிறேன். இந்த ஆண்டோடு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடந்த மே மாதம் நம்மில் ஒருவர் வீட்டில் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நான்கு பேர் என்று பதிவு செய்துவிட்டுப் பதினொரு பேர் வந்தார்கள்; நள்ளிரவு ஒரு மணி வரை ஒலிபெருக்கி வைத்து ஆடினார்கள்; தட்டிக்கேட்கப் போன காவலாளியைத் தள்ளிவிட்டார்கள்; காலையில் குளியலறைக் கண்ணாடியையும் இரண்டு நாற்காலிகளையும் உடைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்தக் கோபத்தில்தான் நமது வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை பிறந்தது. தொல்லை கொடுத்த விருந்தினர்களின் பெயர், கைப்பேசி எண், ஆதார் அட்டைப் படம் ஆகியவற்றைப் பகிர்ந்து ஒரு கறுப்புப் பட்டியலைப் பராமரிப்பது என்பதே அது. இரண்டே மாதங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துவிட்டன. அடுத்த கூட்டத்தில் அதை முறைப்படுத்தப் போவதாக அறிவிப்பும் வந்திருக்கிறது. குழுவில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே என் எதிர்ப்பு காணாமல் போய்விடும் என்பதால், அதை இந்த மடலாக எழுதுகிறேன்.

பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பொருளை உடைத்தவர்கள், சொல்லாமல் ஆட்களைச் சேர்த்துக் கொண்டவர்கள், பணம் தராமல் போனவர்கள் என்று உண்மையிலேயே தீங்கு செய்தவர்களாக ஒன்பது பேர் தேறுவார்கள். மற்றவர்களின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறோம் என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். 'வெந்நீர் வரவில்லை என்று மூன்று முறை போன் செய்தார்.' 'இரண்டு நட்சத்திரம் கொடுத்தார்.' 'பேச்சிலர் பசங்க.' 'கல்யாணம் ஆகாத ஜோடி.' ஒருவருடைய பெயருக்கு எதிரே குற்றம் என்று எதுவுமே இல்லை. அவருடைய ஊரின் பெயர் மட்டும் இருக்கிறது. தொல்லை செய்தவர்களைக் குறித்து வைக்கத் தொடங்கி, நமக்குப் பிடிக்காதவர்களைக் குறித்து வைப்பதில் வந்து நிற்கிறோம்.

திருமணம் ஆகாதவர்களைப் பற்றி மட்டும் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் விருந்தினராகத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கூறியது. நம் வீட்டில் யாரைத் தங்க வைப்பது என்பதில் நமக்கென்று ஒரு விருப்பம் இருக்கலாம்; அதை, இணையத்தில் நம் வீட்டைப் பற்றிப் போடும் அறிவிப்பில் முன்கூட்டியே எழுதிவிடும் துணிவாவது வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு, தங்கவும் வைத்துவிட்டு, அவர்கள் மலையிறங்கிய பிறகு தொல்லைக்காரர்கள் என்று பெயரிடுவது எந்த நியாயத்திலும் சேராது.

ஆதார் படங்களைக் குறித்து எனக்கு இன்னும் பெரிய கவலை உண்டு. யார் தங்குகிறார் என்பதைப் பதிவேட்டில் எழுதி வைப்பதும், வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்திற்குள் அவரைப் பற்றிய விவரங்களை அதிகாரிகளிடம் பதிவு செய்வதும் நம் கடமை. அதற்காகத்தான் ஒருவர் தன் அடையாள அட்டையை நம் கையில் தருகிறார். அதை நூற்றுக்கணக்கானோர் இருக்கும் ஒரு குழுவில் போடுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. தனிமை காக்கும் உரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமும் வந்துவிட்டது. நம் குழுவிலிருந்து ஒரு படம் வெளியே போய், அதை வைத்து யாரோ ஒரு சிம் கார்டு வாங்கினால், காவல் நிலையத்தில் போய் நிற்க வேண்டியவர் யார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பட்டியலால் நேர்ந்த ஒரு அநியாயத்தை நானே பார்த்தேன். சென்ற மாதம் சேலத்திலிருந்து ஒரு இளைஞர் தன் பெற்றோருடன் வந்தார். மூன்று வீடுகளில் கடைசி நேரத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பட்டியலில் உள்ள ஒருவருடைய பெயரும் இவருடைய பெயரும் ஒன்று. வேறு எந்த ஒற்றுமையும் இல்லை. ஏன் மறுத்தார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும், இரவு உணவு பரிமாறிய நேரத்தில் அதைச் சொல்ல நா எழவில்லை.

'அப்படியானால் தொல்லைக்காரர்களை என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். அதற்கு முன் நம் பங்கைப் பார்ப்போம். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. விருந்தினர் என்றால் புதியவர், முன்பின் அறியாதவர். நம் வீட்டுக்கு வருபவர் பணம் கட்டிய புதியவர். வீட்டுக்கு வந்த உறவினருக்குரிய அடக்கத்தை நாம் அவரிடம் எதிர்பார்க்கிறோம். வாடிக்கையாளருக்குரிய வசதியை அவர் நம்மிடம் எதிர்பார்க்கிறார். சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. என் வீட்டுக்குச் சாலையிலிருந்து 62 படிகள் இறங்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகள் அதை நான் எங்கும் எழுதவில்லை. பள்ளத்தாக்குக் காட்சியை மட்டும் நான்கு படங்கள் போட்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் முழங்கால் வலியுள்ள பாட்டி ஒருவர் இருந்தார். அன்று அந்தப் படிகளில் நடந்த வாக்குவாதத்தையும், பிறகு அவர்கள் எழுதிய விமர்சனத்தையும் வைத்து அவர்களைப் 'பிடிவாதக்காரர்கள்' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அறிவிப்பின் முதல் வரியிலேயே '62 படிகள், கைப்பிடி உண்டு' என்று எழுதிய பிறகு, படிகளைப் பற்றி ஒரு புகார்கூட வந்ததில்லை.

மலைக்குப் புதிதாக வருபவர் நம் வாசலை அடையும் முன்பே பாதிப் பொறுமையை இழந்திருப்பார். 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் இல்லாமல் வண்டியில் மேலே வர முடியாது. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கையில் இருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் வசூலிக்கிறார்கள். இவை இரண்டையும் பதிவு உறுதியானவுடனே ஒரு செய்தியாக அனுப்ப அரை நிமிடம்கூட ஆகாது. கோடையில் தண்ணீர் லாரியை நம்பித்தான் இருக்கிறோம் என்பதையும், இரவில் வாசலுக்குக் காட்டுமாடு வரும், விளக்கடித்துப் படம் எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், 'ஏன் முன்பே சொல்லவில்லை' என்ற கேள்வியே எழாது.

இவ்வளவு சொல்லியும் அடங்காதவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. அவர்களில் பலரைத் தொலைபேசியிலேயே அடையாளம் காணலாம் என்பது என் அனுபவம். பதிவு வந்தவுடன் நானே அழைத்து, எத்தனை பேர், என்ன காரணமாக வருகிறீர்கள், எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று கேட்கிறேன். பிறந்தநாள் கொண்டாட்டம் என்றால் கேக் வெட்டலாம், ஒலிபெருக்கி கூடாது என்பதை அப்போதே சொல்லி, அதைச் செய்தியாகவும் அனுப்பி வைக்கிறேன். அத்துடன் விலகிக் கொள்பவர்கள் உண்டு. அந்த வருமானம் போனதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. வந்தவர்களைச் சாவிப்பெட்டியில் சாவியை எடுத்துக் கொள்ளச் சொல்லாமல் நேரில் போய் வரவேற்று, தேநீர் கொடுத்து, அறைகளைச் சுற்றிக் காட்டும்போதே, பொருட்கள் இருக்கும் நிலையை அவர்கள் முன்னிலையில் கைப்பேசியில் ஒரு காணொளியாக எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவிடுகிறேன். வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தவர்கள் அவள் வீட்டுப் பொருளை உடைப்பதற்குக் கொஞ்சம் தயங்கவே செய்வார்கள். மே மாதச் சம்பவம் நடந்த வீட்டில் உரிமையாளர் ஊரில் இல்லை, காவலாளியும் அன்றுதான் புதிதாகச் சேர்ந்தவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இரவுச் சத்தத்திற்கு ஒரு படிநிலை வேண்டும். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. பத்து மணிக்கு ஒருமுறை நேரில் போய்ச் சொல்லுங்கள், தனியாகப் போகாதீர்கள். பெண்கள் நடத்தும் வீடுகளில் பக்கத்து வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. பிறகும் தொடர்ந்தால், அவர்கள் பதிவு செய்த இணையதளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். மறுநாள் அதுதான் சாட்சி. மூன்றாவதாக 112ஐ அழையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 'கரண்ட் போய்விட்டது' என்று சொல்லும் தந்திரத்தை நம்மில் சிலர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குடித்திருக்கும் பதினொரு பேரை இருட்டில், அதுவும் என்னுடையதைப் போல 62 படிகள் உள்ள வீட்டில் விடுவதைவிட ஆபத்தான காரியம் எனக்குத் தெரியவில்லை.

கேமரா வைத்துக் கண்காணிக்கலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும், அறிவிப்பில் தெரிவித்துவிட்டு, தாராளமாக வைக்கலாம். வீட்டுக்குள்ளே வேண்டாம். தங்குமிடப் பதிவுத் தளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உட்புறக் கேமராக்களை உலகம் முழுவதும் தடை செய்துவிட்டது. படுக்கையறையிலோ குளியலறையிலோ வைப்பது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்கீழ் நம்மைச் சிறைக்கே அனுப்பக்கூடும்.

உடைந்த பொருளுக்கு ஈடு கேட்பதிலும் நாம் சோம்பேறிகள். அறையைச் சுத்தம் செய்து, அடுத்த விருந்தினரும் வந்த பிறகு புகார் எழுதினால் யார் நம்புவார்கள்? அவர்கள் வெளியேறிய ஒரு மணி நேரத்திற்குள் படம் எடுத்து, அதே பொருளின் விலைச்சீட்டோடு விண்ணப்பிக்க வேண்டும். ஏர்பிஎன்பியில் அதற்கு 14 நாட்கள் அவகாசம் உண்டு. நேரடிப் பதிவுகளுக்கு எழுத்து வடிவில் ஒரு டெபாசிட் நிபந்தனை இருந்தால் போதும்.

விருந்தினரைப் பற்றி மற்ற உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை தர வேண்டும் என்பதுதான் பட்டியலின் நோக்கம் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. பதிவுத் தளங்கள் பலவற்றில் நாமும் விருந்தினரைப் பற்றி விமர்சனம் எழுதலாம். 'மோசமானவர்கள், யாரும் இடம் தராதீர்கள்' என்று எழுதுவதைவிட, 'நான்கு பேருக்குப் பதிவு, வந்தவர்கள் பதினொருவர், கண்ணாடி உடைந்தது, ஈடு தரவில்லை' என்று எழுதுவதே அடுத்தவருக்குப் பயன்படும். அந்த விருந்தினர் அதைப் படிக்கலாம், பதில் எழுதலாம். நம் பட்டியலில் இருப்பவருக்குத் தன் பெயர் அதில் இருப்பதே தெரியாது. நம்மில் பெரும்பாலோர் அவர்களும் பதிலுக்குக் குறைத்து மதிப்பிடுவார்களோ என்று அஞ்சி எழுதுவதே இல்லை. ஏர்பிஎன்பியில் இரு தரப்பும் எழுதும் வரை, அல்லது 14 நாட்கள் முடியும் வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது என்பதால் அந்த அச்சத்திற்கு அங்கே இடமில்லை.

ஆகவே வரும் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். பட்டியலைக் கலைத்துவிட வேண்டும். குழுவில் போட்ட ஆதார் படங்களை அவரவர் நீக்க வேண்டும். வருகைக்கு முன் விருந்தினருக்கு அனுப்ப வேண்டிய ஒரு பொதுச் செய்தியை நாம் எல்லோரும் சேர்ந்து எழுத வேண்டும். அந்தச் செய்தியின் வரைவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டு வருகிறேன். மலையாளம் எழுதத் தெரிந்தவர் யாராவது உதவினால் நன்றாக இருக்கும். உண்மையிலேயே தீங்கு செய்த அந்த ஒன்பது பேர் விஷயத்தில் பாதிக்கப்பட்டவர்கள் காவல் துறையில் புகார் கொடுக்க விரும்பினால், உடன் வரவும் தயார்.

நான் பட்டியலில் சேர்த்த இரண்டு பெயர்களை நேற்று நீக்கிவிட்டேன். ஒன்று, அந்த மதுரைக் குடும்பத்துடையது.

இப்படிக்கு,
வில்பட்டி சாலையில் ஹோம்ஸ்டே நடத்தும் உங்களில் ஒருத்தி