பாலில் ஊற வேண்டிய ரொட்டித் தூள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு சமையல் பகுதியில் அண்மையில் வந்த சுவீடன் இறைச்சி உருண்டைக் குறிப்பைப் பார்த்து வீட்டில் மூன்று முறை செய்துவிட்டு இதை எழுதுகிறேன். உறைய வைத்த உருண்டைப் பொட்டலத்தையும் பொடியாக வரும் குழம்பையும் வாங்கிச் சூடாக்குவதே எளிய வழி என்று சொல்லி, வீட்டில் பிசைந்து செய்யும் முறையை நான்கே வரிகளில் அக்குறிப்பு முடித்துவிட்டது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வாழும் எங்களுக்கு அந்த வழி எளியதன்று. அந்தப் பொட்டலங்களை விற்கும் சுவீடனின் ஐக்கியா கடையைத் தேடிப் பினாங்கின் பத்து காவான் வரை போக வேண்டும். போனாலும் அங்கே பெயர் பெற்றது மாட்டிறைச்சி உருண்டைதான். எங்கள் தோட்டத்திலோ மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்களே மிகுதி. கோழியும் ஆட்டிறைச்சியும் காலைச் சந்தையிலேயே கிடைப்பதால், பிசைந்து செய்வதே எங்களுக்கு எளிய வழி. அதனால்தான் அந்த நான்கு வரிகளில் விடுபட்டவை எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

‘ரொட்டித் தூள் சேர்த்துப் பிசையவும்’ என்று மட்டுமே குறிப்பில் இருந்தது. நானும் உலர்ந்த தூளை அப்படியே அரை கிலோ கோழிக் கொத்துக்கறியில் கொட்டிப் பிசைந்தேன். வாணலியிலிருந்து எடுத்த உருண்டைகள் ரப்பர் கொட்டையைப் போல இறுகியிருந்தன. ஒன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஈரமே இல்லை, ஊறாத தூள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது. என் மாமியார் ஒன்றோடு தட்டை ஒதுக்கிவிட்டார்.

தூளை முதலில் பாலில் ஊற வைக்க வேண்டும் என்பதே விடுபட்ட செய்தி. சூடு பட்டதும் இறைச்சியின் புரதம் சுருங்கித் தன் நீரை வெளியே தள்ளுகிறது. பாலில் குழைந்த ரொட்டி இடையிடையே நின்று அந்தச் சுருக்கத்தைத் தடுப்பதோடு, வெளியேறும் சாற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு ஈரத்தை இழுத்து உருண்டையைக் கெட்டியாக்கும், எண்ணெயில் பொரித்து மொறுமொறுப்பாக உண்பதற்கு அதுவே பொருத்தம். குழம்பில் மிதக்கும் சுவீடன் உருண்டைக்கு வேண்டியதோ மென்மை.

எனக்குக் கைகொடுத்த அளவு இது: அரை கிலோ கொத்துக்கறிக்கு 50 கிராம் ரொட்டித் தூள், 100 மில்லி பால், ஒரு முட்டை, ஒரு நடுத்தர வெங்காயம். தூள் பாலில் பத்து நிமிடம் ஊறட்டும். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். கறியில் முதலில் உப்பை மட்டும் போட்டு ஒட்டும் பதம் வரும்வரை பிசைந்து, அதன் பின்னர் மற்றவற்றைக் கலக்க வேண்டும். ஆட்டிறைச்சி இந்தப் பாலைத் தாங்கும். கோழிக்கறி தானே நீர்ப்பதமானது என்பதால் 70 மில்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கலவையை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, கையை நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவு உருட்டினால் உடையாது. முழுவதையும் உருட்டும் முன்னர் ஒன்றை மட்டும் பொரித்து உப்புப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆல்ஸ்பைஸ் என்பதைத் தாங்கள் ‘மசாலாக் கலவை’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அது கலவையன்று, ஒரே மரத்தின் உலர்ந்த காய். எங்கள் ஊர்க் கடைகளில் அது கிடைக்காததால் இரண்டு கிராம்பு, சிறு துண்டுப் பட்டை, சிறிது சாதிக்காய் ஆகியவற்றைப் பொடித்துச் சேர்த்தேன். மணம் ஒத்து வந்தது. வெள்ளை மிளகுக்குக் குறைவில்லை, சரவாக் மிளகே இருக்கிறது. இஞ்சி பூண்டு விழுதையும் மிளகாய்த் தூளையும் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். அவை சேர்ந்தால் பிறகு அது கோலா உருண்டைதான்.

உருண்டைகளைப் பொரித்த வெண்ணெயிலேயே மாவை வறுத்து, கறிச்சாறு ஊற்றி, கிரீமும் ஒரு தேக்கரண்டி சோயா கிச்சாப்பும் சேர்த்தால் குழம்பு ஆயிற்று. கிரீமுக்குப் பதில் தேங்காய்ப் பாலை நானும் ஊற்றிப் பார்த்தேன். சுவை கறிக்குழம்பின் பக்கம் போய்விடுகிறது. இதனுடன் பரிமாறும் லிங்கன்பெரி பழக்கூழின் புளிப்பு இனிப்புக்கு நம் நாட்டு ரோசல் (புளிச்சைப் பூ) கூழ் நன்றாக ஈடுகொடுக்கிறது.

இறைச்சியை மாற்றினால் அது சுவீடன் உணவே ஆகாது என்று சிலர் சொல்லக்கூடும். ஐக்கியா நிறுவனம் 2020இல் வெளியிட்ட செய்முறையில் 500 கிராம் மாட்டிறைச்சியும் 250 கிராம் பன்றி இறைச்சியும் இருந்தது உண்மைதான். ஆனால் சுவீடன் வீடுகளிலேயே காட்டுமான் வகை இறைச்சியிலும் இதைச் செய்கிறார்கள். மேலும், சுவீடனின் பன்னிரண்டாம் சார்லஸ் மன்னர் துருக்கியிலிருந்து கொண்டுவந்த செய்முறையே இதற்கு அடிப்படை என்று சுவீடனின் அதிகாரபூர்வ டுவிட்டர் பக்கமே 2018இல் எழுதியது; அதை மறுப்பவர்களும் அங்கே உண்டு.

ஆகவே இக்குறிப்பைத் திருத்தி, எடை அளவுகளோடும், தூளை ஊற வைக்கும் நேரத்தோடும், கோழிக்கும் ஆட்டிறைச்சிக்கும் உரிய பால் அளவைத் தனித்தனியே காட்டியும் மீண்டும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த உருண்டையைப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க எங்கள் வரிசையில் நான்கு வீட்டார் காத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.